எம்.பி.பி.எஸ். முடிச்ச டொக்டருக்கு இன்னும் என்ன பயிற்சி? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி மஸ்கெலியாப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "எங்க தோட்டத்துக்குக் கிட்ட அரசாங்க ஆஸ்பத்திரியில டொக்டர் இருக்காரு. குடும்ப மருத்துவத்துக்குத் தனியாப் பயிற்சி வேணும்னு சொல்றாங்களே, எம்.பி.பி.எஸ். முடிச்சவருக்கு அது எதுக்கு?"

நம்ம நாட்டுல அஞ்சு வருஷம் படிப்பு, பிறகு ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அந்த ஒரு வருஷத்துல ஆறு ஆறு மாசமா ரெண்டு பிரிவுலதான் வேலை. பொது மருத்துவமும் சத்திரசிகிச்சையும் கிடைச்சவரு, பிள்ளைங்க வார்ட்லயோ பிரசவ வார்ட்லயோ இன்டர்னா நின்னிருக்க மாட்டாரு. மலைக்கு வந்து உக்காந்த முதல் நாளே கைப்பிள்ளையும் வரும், மாசமா இருக்குற பிள்ளையும் வரும், எழுபது வயசு தாத்தாவும் வருவாரு. இன்னொண்ணு, பெரிய வார்ட்டுக்குப் போற நோயாளி பெக்டரியில சலிச்ச தூள் மாதிரி. இங்க வர்றது பச்சைக் கொழுந்து. என்ன வருத்தம்னு யாரும் எழுதிக் கொடுத்து அனுப்புறதில்ல.

உதாரணத்துக்கு, நம்ம ஆளுங்க "வாய்வு புடிச்சிருக்கு"ன்னு சொல்லுவாங்க. தமிழ் தெரியாத டொக்டருக்கு அட்டெண்டன் அதை "கெஸ்ட்ரைட்டிஸ்"னு சொல்லிக் கொடுப்பாரு. கெஸ்ட்ரைட்டிஸ் மாத்திரையோட வீட்டுக்குப் போறது சில நேரம் மாரடைப்பா இருக்கும். வேர்க்குதா, இடது கைக்கு இழுக்குதா, மேடு ஏறும்போது கூடுதான்னு கேட்டு, சந்தேகம்னா பத்து நிமிஷத்துக்குள்ள ஈ.சி.ஜி. எடுக்கணும். சீனி வருத்தக்காரங்களுக்கு வலியே இல்லாம மூச்சு வாங்கலா மட்டும் வரலாம்.

காய்ச்சலும் அப்படித்தான். மேல் மலையில குளிருக்கு டெங்கு நுளம்பு குறைவு, அதனால டெங்குவை மறந்துடுறாங்க. ஆனா நம்ம பொடியன்கள் கொழும்புல கடை வேலை, தீபாவளிக்கு ஊருக்கு வருவாங்க. "எங்க இருந்து வந்தீங்க?"ன்னு ஒரு கேள்வி போதும். மூணாம் நாள் ரத்தம் எடுத்து பிளேட்லெட் பாக்கணும், காய்ச்சலுக்குப் பெரசிட்டமோல் மட்டும், புரூஃபன் கூடாது.

அதிகமாப் பிழை நடக்குறது பிரஷர் கிளினிக்லதான். ரத்தம் எடுக்கணும்னு வெறும் வயித்துல வரச் சொல்லுவாங்க. அம்மா காலையில பிரஷர் மாத்திரையையும் போடாம வந்துடுவாங்க. மேடு ஏறி, குளிர்ல நின்னு, ஸ்வெட்டர் கையை இறுக்கிச் சுருட்டி, உக்காந்த உடனே அளந்தா 160, 170 காட்டும். டொக்டர் மருந்தைக் கூட்டுவாரு. அடுத்த வாரம் மலைச் சரிவுல கொழுந்து எடுக்கும்போது தலை சுத்தி விழுவாங்க. முறை இதுதான்: அஞ்சு நிமிஷம் உக்கார வைக்கணும், முதுகு சாஞ்சிருக்கணும், ரெண்டு காலும் தரையில, கை நெஞ்சு மட்டத்துல, துணி மேல கட்டக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை அளக்கணும். மெலிஞ்ச கைக்குப் பெரிய பட்டி கட்டினா குறைச்சுக் காட்டும், தடிச்ச கைக்குச் சின்னது கூட்டிக் காட்டும். பிரஷர் மாத்திரையைத் தண்ணியோட போட்டுட்டு வரலாம், சீனி மாத்திரையைத்தான் ரத்தம் கொடுத்துச் சாப்பிடும்வரை தள்ளி வைக்கணும். இதை நர்ஸ் மிஸ்ஸிமாருக்கும் தோட்டத்து ஈ.எம்.ஏ.மாருக்கும் (தோட்ட மருத்துவ உதவியாளர்கள்) சேர்த்துப் பழக்கணும். அளக்குறது பெரும்பாலும் அவங்கதானே.

ஒரு சின்ன விஷயம், பல பேர் கவனிக்காதது. உயரத்துல வாழ்றவங்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாவே கொஞ்சம் கூட இருக்கும். 1500 மீட்டருக்கு மேல, 2000க்குக் கீழ இருக்குற ஊருக்கு, நுவரெலியா டவுன் மாதிரி, 1.1 கிராம் கழிச்சுப் பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2024ல சொன்னது. மாசமா இல்லாத பொம்பளைக்கு 12க்குக் குறைஞ்சா ரத்தசோகை. ரிப்போர்ட்ல 12.5 இருந்தா "நோர்மல்"னு அனுப்பிடுவாங்க, உண்மையில அது 11.4.

சரி, இதை எப்படிப் பழக்குறது? கொழும்புப் பல்கலைக்கழகத்தோட பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துல குடும்ப மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் எம்.டி.யும் இருக்கு. ஆனா என் கணக்குல பாதிப் பயிற்சி கிளினிக் கொப்பியிலேயே இருக்கு. சீனி வருத்தக்காரங்களோட இருபது கொப்பியைக் கண்ணை மூடி எடுங்க. இந்த வருஷம் கால் பாத்தாங்களா, கண்ணுக்கு அனுப்பினாங்களா, சிறுநீர்ல புரதம் பாத்தாங்களா, ஒவ்வொரு வருகையிலயும் பிரஷர் எழுதினாங்களான்னு எண்ணுங்க. "அதே மருந்து"ன்னு மட்டும் எழுதின பக்கம் எத்தனைன்னும் எண்ணுங்க. ஒரு குறையை மட்டும் திருத்தி, மூணு மாசத்துல வேற இருபது கொப்பி எண்ணணும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல திருத்தப் போனா ஒண்ணும் நடக்காது.

இதெல்லாம் செஞ்சும் ஆள் வரலைன்னா டொக்டரைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. கிளினிக் நாள்ல அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போயிடும்னு பயந்து வராதவங்க நிறைய. நல்ல குடும்ப டொக்டர் நிலையா இருக்குற ஆளுக்கு ரெண்டு மாச மருந்து கொடுக்க முடியுமான்னு பாப்பாரு, தோட்டத்துச் சம்பள நாள்ல கிளினிக் வைக்க மாட்டாரு. தங்கச்சி, உங்க அம்மாவுக்கும் சீனி வருத்தம்னா அவங்க கொப்பியை இன்னைக்கு எடுத்துப் பாருங்க, கடைசியா கால் பாத்த திகதி எங்கயாவது இருக்கான்னு.