பித்தநாளம் அடைபட்டால் கிருமி என்ன செய்கிறது?

கல்லீரலில் ஒரு நாளில் சுரக்கும் பித்தநீர் ஏறக்குறைய முக்கால் லிட்டர். பித்தநாளம் வழியாக அது சிறுகுடலில் இறங்குகிறது. குடலிலோ கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். சில மில்லிமீட்டர் அகல வாசல்தான் நடுவே. அப்படியிருந்தும் கிருமிகள் மேலேறிக் குடியேறுவதில்லை. ஏன்?

(திரையில்: நாளத்தின் அடிமுனை, சுருங்கி விரியும் தசைவளையம்)

இந்த வளையத்துக்கு ஒடி சுருக்குத்தசை என்று பெயர். பித்தநீரைக் கீழே விடும், குடலில் இருப்பதை மேலே விடாது. பித்த உப்புகளும் கிருமிகளை அடக்கும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய காவல், ஓட்டம்தான். ஓடும் நீரில் கிருமி காலூன்ற முடியாது.

இப்போது ஒரு கல் வந்து அடைக்கிறது என்று வையுங்கள். கட்டியாகவோ தழும்புச் சுருக்கமாகவோகூட இருக்கலாம். தேங்கிய பித்தநீரில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. இதுதான் பித்தநாள அழற்சி, அதாவது கோலாஞ்சைட்டிஸ்.

(திரையில்: வீங்கிய நாளம், கல்லீரலின் ரத்தக்குழாய்களுக்குள் கசியும் புள்ளிகள்)

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. அடைப்புக்கு மேலே அழுத்தம் ஏற ஏற, கிருமியும் அதன் நச்சும் ரத்தத்துக்குள் தள்ளப்படுகின்றன. உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல் அதனால்தான். அதோடு வலப்பக்க மேல்வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை. இந்த மூன்றையும் சேர்த்து 1877-இல் விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் சார்கோ. ரத்த அழுத்தம் சரிவது, நினைவு தடுமாறுவது என்ற இரண்டு அபாய அறிகுறிகள் 1959-இல் சேர்ந்தன. சார்கோ சொன்ன மூன்றும் எல்லோருக்கும் வருவதில்லை. முதியவர்களுக்கு வெறும் குழப்பமும் சோர்வுமாகவே வரலாம். அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

கல்லால் கிருமி வருகிறது, சரி. கிருமியாலும் கல் வரும்! சில பாக்டீரியாக்களின் நொதி, பித்தநீரில் கரைந்திருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைக் கரையாததாக மாற்றிவிடுகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து பழுப்புநிறக் கல்லாகிறது. அந்தக் கல் மறுபடியும் அடைக்கிறது.

ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். ஆனால் அடைபட்ட நாளத்துக்குள் மருந்து போதுமான அளவு போய்ச்சேராது. அதனால் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை வாய்வழியாகச் செலுத்தி, ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில் கல்லை எடுக்கிறார்கள். அல்லது நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துப் பித்தநீரை வடிக்கிறார்கள். நோய் முற்றியிருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பிளாஸ்டிக் ஸ்டென்டின் உள்ளேயும் கிருமிகள் படலமாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் சுமார் 3 மாதத்தில் அதை மாற்றவோ எடுக்கவோ சொல்வார்கள். அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் குளிர்காய்ச்சல் வந்தால், மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், ஸ்டென்ட் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.