அயர்லாந்துப் பேய்க்கதைகள் குடும்பங்களைக் காத்தனவா, வதைத்தனவா? ‘காத்தன’ அணியின் உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி மூன்று செய்திகளை வைத்துவிட்டு அமர்ந்தார். 1895இல் டிப்பரரியில் பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண்ணை, அவள் உருவில் இருப்பது வேறொன்று என்று சொல்லிக் கணவனே எரித்த வழக்கு ஒன்று. 1913இல் ஃபெர்மானா மாவட்டத்துக் கூனீனில், வீட்டுக்குள் புகுந்த சத்தப் பேயைத் தாங்க முடியாமல் ஒரு தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊரையே விட்டுப் போனது இன்னொன்று. பான்ஷீ என்ற, சாவை முன்கூட்டி அழுது சொல்லும் பெண் ஆவியின் கதை கேட்டு வளர்ந்த குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கியதில்லை என்பது மூன்றாவது. கதைகள் வதைத்தன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார்.

மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் அமரப்போவதில்லை. ஆனால் ஓர் ஐரிஷ் பேய்க்கதைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அது காத்ததா வதைத்ததா என்று பேச முடியாது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

ஐரிஷ் கதைகளில் செத்தவர் பெரும்பாலும் ஒரு காரியமாகத்தான் திரும்பி வருவார். கட்டாமல் போன கடன் இருக்கும். நேர்ந்துகொண்டு போகாத யாத்திரை இருக்கும். அந்த உருவம் தானாக வாய் திறக்காது. எதிரே நிற்கிற மனிதர்தான், “கடவுள் பெயரால் கேட்கிறேன், உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்க வேண்டும். கேட்டால் சொல்லும். சொன்னதைச் செய்து முடித்தால் போய்விடும், மறுபடி வராது.

தீவு முழுக்கச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. கிறிஸ்தவக் கோவிலில் அசந்து தூங்கிய ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நடுச்சாமத்தில் பலிபீடத்து மெழுகுவர்த்தி எரிகிறது. பூசை உடுப்போடு ஒரு சாமியார் வந்து நின்று, “இந்தப் பூசைக்கு மறுமொழி சொல்ல யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கிறார். அந்தக் காலப் பூசையில் சாமியார் சொல்லச் சொல்ல மறுமொழி சொல்ல ஒரு ஆள் வேண்டும். இவர் நடுங்கிக்கொண்டே எழுந்து போய் மறுமொழி சொல்லி முடிக்கிறார். அப்போதுதான் விஷயம் தெரிகிறது. அந்தச் சாமியார் இறந்து பல வருஷம் ஆகிறது. காசு வாங்கிக்கொண்டு வைக்காமல் விட்ட ஒரே ஒரு பூசைக்காக ஒவ்வோர் இரவும் வந்து நின்று, ஆள் கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கிறார். அன்றோடு அவருக்கு விடுதலை. நடுவர் அவர்களே, இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இறந்தவர் மேல் வருவது இரக்கம். நம்மால் முடிந்த ஒரு சின்ன உதவிக்காக அவர் காத்திருக்கிறார் என்றுதான் அது புரிந்துகொள்ளும்.

இரக்கம் மனதோடு நிற்கவில்லை, கைவேலையாகவும் மாறியது. அயர்லாந்தின் பல பகுதிகளில் ஒருவர் இறந்தால் அவருடைய உடுப்பைச் சொந்தக்காரர் ஒருவருக்கோ ஓர் ஏழைக்கோ கொடுப்பார்கள். வாங்கியவர் அதை உடுத்திக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டும். போனால்தான் இறந்தவருக்கு மறு உலகில் உடுக்க உடுப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. இதன் நடைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துணி பெட்டிக்குள் மக்கிப் போகாது, குளிரில் இருக்கும் ஒருவர் உடம்புக்குப் போகும். இறந்தவரின் மனைவி மூன்று வாரம் கோவிலில் அந்தக் கோட்டை இன்னொருவர் தோளில் பார்ப்பாள். முதல் வாரம் அழுவாள். மூன்றாம் வாரத்துக்குள் அவர் இல்லை என்பது அவளுக்குப் பழகத் தொடங்கியிருக்கும். துக்கத்துக்கு இப்படி ஒரு கணக்கு வைத்துக் கொடுத்த வழக்கத்தை வதை என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 2, நம் ஊரிலும் கல்லறைத் திருநாள் என்று அனுசரிக்கும் நாள். அந்த இரவு வீட்டில் இறந்தவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்பது அயர்லாந்து நம்பிக்கை. அதற்குத் தயார் செய்யும் முறையைப் பாருங்கள். வீட்டைப் பெருக்குவார்கள். கரி போல வெட்டியெடுக்கும் சதுப்பு மண்கட்டியைப் போட்டு அடுப்பை நன்றாக மூட்டுவார்கள். அடுப்பைச் சுற்றி நாற்காலிகளைப் போடுவார்கள். மேசையில் ஒரு கிண்ணம் ஊற்றுத் தண்ணீர் வைப்பார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிச் செபம் சொல்வார்கள். கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டு நேரத்தோடு படுக்கப் போவார்கள். பேய்க்குப் பயப்படுகிற வீடு கதவைத் தாழிடாமலா விடும்?

இன்னொன்று, பசிப்புல். ஐரிஷ் மொழியில் ஃபேர் கோர்த்தக் என்பார்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கி 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். பட்டினியில் ஒருவர் விழுந்து இறந்த இடத்தில் முளைத்த புல்லை மிதித்தால், மிதித்தவருக்குத் திடீரென்று தாங்க முடியாத பசி எடுத்துக் கால் துவண்டுவிடும் என்பது கதை. கையில் இருக்கும் ரொட்டியை உடனே ஒரு வாய் சாப்பிட்டால் சரியாகிவிடும். அதனால் மலைப்பாதையில் போகிறவர் சட்டைப்பையில் ஒரு துண்டு ஓட்ஸ் ரொட்டி வைத்துக்கொள்வார். வெறும் வயிற்றோடு குளிரில் ஏற்றம் ஏறுகிறவருக்கு மயக்கம் வரத்தான் செய்யும். அந்த ரொட்டித் துண்டு உண்மையிலேயே உயிரைக் காத்திருக்கும். சவப்பெட்டிகூட இல்லாமல் புதைந்தவர்கள் இந்த வழியில்தான் விழுந்தார்கள் என்ற நினைவும் அந்த ரொட்டியோடு கூடவே போகும்.

பான்ஷீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவள் யாரையும் கொல்வதில்லை. ஓ, மாக் என்று தொடங்கும் பழைய குடிப்பெயர் கொண்டவர்கள் வீட்டில் சாவு நெருங்கும்போது வெளியே நின்று ஒப்பாரி வைப்பவள். அவள் குரல் கேட்டால் உறவுக்குச் சொல்லி அனுப்பலாம், சாமியாரை அழைக்கலாம். வழியில் கிடக்கும் சீப்பை எடுக்காதே, அது அவளுடையது. எடுத்துவிட்டால் இரவு ஜன்னலில் வந்து கேட்பாள். கையை நீட்டாதே, இரும்பு இடுக்கியில் பிடித்துக் கொடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பேனும் சொறியும் வீட்டுக்கு வீடு பரவிய காலத்தில் அடுத்தவர் சீப்பைத் தொடாதே என்பது நல்ல புத்திதான். பிள்ளைகள் தூங்கவில்லை என்று தோழி சொன்னாரே, 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் நடத்திய பள்ளித் தொகுப்பைப் பாருங்கள். 26 மாவட்டங்களில் ஏறக்குறைய 5,000 தொடக்கப் பள்ளிகளிலிருந்து 50,000 பிள்ளைகள், பெரும்பாலும் 11 முதல் 14 வயது, வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கதைகளைக் கேட்டுத் தங்கள் கையெழுத்தில் எழுதினார்கள். தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காரப் பிள்ளைக்கு இந்தக் கதைகள் ஒரு காரணமாக இருந்தன.

இப்போது சத்தப் பேய்க்கு வருகிறேன். இங்கேதான் எதிரணியின் பிடி இறுக்கமாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். சத்தப் பேயைக் குறிக்கும் போல்டர்கைஸ்ட் என்ற சொல்லே ஜெர்மன் சொல். தட்டும், சுரண்டும், போர்வையை இழுக்கும், பொருளை வீசும். எதற்கு வந்தோம் என்று மட்டும் சொல்லாது. ஐரிஷ் ஆவியிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் கிடைக்கும், கடன் தீரும். இதனிடம் தீர்க்கக் கடனே இல்லை. இப்படி ஒன்று ஒரு பண்ணை வீட்டுக்குள் வந்துவிட்டால் குடும்பத்தின் கதி என்ன ஆகும்? ஒரே ஃபெர்மானா மாவட்டத்தில் இரண்டு வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வீடு 1877இல், எனிஸ்கில்லனிலிருந்து ஒன்பது மைல் தள்ளி டெரிகோனலியில். மனைவியை இழந்த விவசாயி, மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரர். ஐந்து பிள்ளைகள், மூத்த பெண்ணுக்கு இருபது வயதை ஒட்டி. அவள் படுக்கையைச் சுற்றித்தான் தட்டலும் சுரண்டலும் அதிகம். மெழுகுவர்த்தி வைத்தால் காணாமல் போகும், விளக்கு வைத்தாலும் போகும். வேதாகமத்தைத் திறந்து கட்டிலில் வைத்து மேலே பெரிய கல்லைப் பாரமாக வைத்தார்கள். கல் அகன்றது, பிறகு பக்கங்கள் கிழிந்து கிடந்தன. டப்ளினிலிருந்து வில்லியம் பாரெட் என்ற இயற்பியல் பேராசிரியர் வந்தார். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, சில விரல்களை மட்டும் விரித்து, எத்தனை விரல் என்று மனதுக்குள் கேட்டார். நான்கு முறையும் சரியான எண்ணிக்கையில் தட்டல் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சோதனையில் ஓட்டை உண்டு. விடை தெரிந்தவரே தட்டலை எண்ணினால் தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ள மனம் இடம் கொடுக்கும். இருட்டில் ஐந்து பிள்ளைகளின் கை கால் எங்கே இருந்தன என்பதும் தெரியாது. பிள்ளைகளை ஒவ்வொருவராக வேறு வீட்டில் படுக்கவைத்து, எண்ணை ஒருவர் சீட்டில் எழுதி மூட, தட்டலை இன்னொருவர் எண்ணியிருந்தால் அது முறையான சோதனை.

ஆனால் இன்றைய தலைப்பு தட்டியது யார் என்பதல்ல, குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பது. அங்கே நடந்த ஒரு சின்னக் காரியத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். விளக்கில்லாமல் இருந்த அந்த வீட்டுக்கு ஓர் அயலார் தன் விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். கத்தோலிக்கச் சாமியார் புனித நீர் தெளித்த விளக்கு, இதைப் பிசாசுகூடத் திருடாது என்று சொல்லிக் கொடுத்தார். அதுவும் காணாமல்தான் போனது. போகட்டும். சபைக்குச் சபை சுவர் எழுப்பியிருந்த ஃபெர்மானாவில், சாமியார் தொட்ட விளக்கு மெதடிஸ்ட் வீட்டு வாசற்படியைத் தாண்டியது. ஆவியால் அவதிப்படும் வீட்டுக்கு அயலார் போக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்ன கதைகள்தான் அந்த மனிதரை விளக்கோடு அனுப்பின. பாரெட்டோடு வந்த குருவானவர் ஒருவர் வேதம் வாசித்தார். தொடக்கத்தில் அவர் குரலே கேட்காத அளவுக்குச் சத்தம். எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபத்தைச் சொன்னபோது அது அடங்கியது.

இரண்டாவது வீடு, தோழி சொன்ன கூனீன். கணவனை இழந்த தாய், கூடவே பிள்ளைகள். அங்கும் தட்டல், போர்வை இழுபடுதல். அயலார் வந்து உட்கார்ந்தார்கள், சாமியார்கள் வந்தார்கள், பேயோட்டும் சடங்கு இரண்டு முறை நடந்ததாகச் சொல்வார்கள். அடங்கவில்லை. அப்புறம்தான் ஊர்ப்பேச்சு திரும்பியது. இவர்கள் என்ன செய்து இதை வரவழைத்தார்களோ என்று பேசத் தொடங்கினார்கள். அந்தத் தாய் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அவரை விரட்டியது பேய்க்கதை என்கிறீர்கள். எந்தப் பேய்க்கதையில் ஆவி வந்த வீட்டாரைக் குற்றவாளி ஆக்கு என்று இருக்கிறது? என்ன வேண்டும் என்று கேள், செய், உடன் இரு என்றுதான் அந்தக் கதைகள் சொல்கின்றன. ஊர் அந்த முறையைக் கைவிட்ட இடத்தில்தான் குடும்பம் உடைந்தது.

கடைசியாகப் பிரிட்ஜெட் கிளியரி. இதை நான் லேசாகக் கடந்து போகமாட்டேன். பாலிவாட்லே என்ற ஊர், தையல் வேலை செய்து சொந்தக் காலில் நின்ற பெண். 1895 மார்ச்சில் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தார். மருத்துவருக்குச் சொல்லி அனுப்பியும் அவர் வந்து சேர்ந்தது 13ஆம் தேதி. 14ஆம் தேதி இரவு ஆண்கள் அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாலில் காய்ச்சிய பச்சிலையைப் புகட்டி, நெருப்புக்கு மேல் தூக்கிப் பிடித்து, “நீ பிரிட்ஜெட் தானா, கடவுள் பெயரால் சொல்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 15ஆம் தேதி கணவன் எரித்தான். 22ஆம் தேதி ஆழமில்லாத குழியில் உடல் கிடைத்தது. நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டு கொடுத்தது.

கடவுள் பெயரால் கேட்கும் அதே கேள்விதானே என்று எதிரணி கேட்கும். கேள்வி அதேதான், ஆனால் கேட்கப்பட்டவர் வேறு. கிளியரி வீட்டில் புகுந்தது இறந்தவரைப் பற்றிய கதை கிடையாது. உயிருள்ள மனிதரைச் சிதேக்கள் என்ற மாயக் குலத்தார் தூக்கிப்போய் அவர் உருவத்தில் வேறொன்றை வைத்துவிடும் என்ற ஆள்மாற்றக் கதை அது. அந்தக் கதை கண்ணெதிரே இருமிக்கொண்டு கிடக்கும் மனைவியை மனுஷி இல்லை என்கிறது. நெருப்பைக் காட்டி மிரட்டு என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. அது வதைத்தது, நூற்றுக்கு நூறு வதைத்தது. அதைக் காப்பாற்ற நான் இங்கே நிற்கவில்லை. நம் தலைப்பில் உள்ளது பேய்க்கதை. பேய்க்கதை புதைத்துவிட்ட மனிதரையும் இன்னும் மனிதர்தான் என்கிறது. அவருக்குக் குளிரும், கடன் உறுத்தும், வீட்டு நினைவு வரும் என்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி எங்கள் தலையில் வைத்துத் தீர்ப்புக் கேட்பது நியாயமில்லை, நடுவர் அவர்களே.

பிரிட்ஜெட்டைப் புதைத்தபோது ஊரார் வரவில்லை, காவலர்கள்தான் புதைத்தார்கள். இரவு முழுக்க உடலருகே ஆள் மாற்றி ஆள் விழித்திருந்து, கடிகாரத்தை நிறுத்தி, வந்தவருக்கெல்லாம் களிமண் புகைக்குழாயும் புகையிலையும் கொடுத்து இறந்தவரை அனுப்பிவைத்த நாட்டில், அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆளில்லை. எங்கள் அணி கேட்பது அந்த நாற்காலியைத்தான்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.