பீட்டர் லோரி: சில நிமிடங்களுக்கு மட்டும் வந்துபோனவர்

எல்லாருக்கும் வணக்கம். ஐரோப்பியக் குணச்சித்திர நடிகர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. பீட்டர் லோரி. பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரிந்திருக்கும். பழைய அமெரிக்கக் கார்ட்டூன்களில் முட்டைக்கண்ணோடு, மூக்கால் பேசிக்கொண்டு, பக்ஸ் பன்னி முயலைப் பிடிக்கப் பார்க்கும் கிறுக்கு விஞ்ஞானி ஒருவர் வருவாரே, அது இவரைக் கேலி செய்து வரைந்ததுதான்.

லோரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒப்பாரிதான் வைப்பார்கள். மகா கலைஞன், ஹாலிவுட் அவரை வீணடித்துவிட்டது என்று. அதில் பாதி உண்மை. ஆனால் வீணடித்தார்கள் என்று சொல்லப்படும் அந்தச் சின்ன வேடங்களுக்குள் அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இன்றைக்கு அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

1904 ஜூன் 26-இல் பிறந்தவர். இயற்பெயர் லாஸ்லோ லோவென்ஷ்டைன். பிறந்த ஊர் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது, இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. ஜெர்மன் பேசும் யூதக் குடும்பம். வியன்னாவில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகப் பைத்தியம் பிடித்து அலைந்தார். அங்கே யாக்கோப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், எழுதிய வசனமே இல்லாமல் மேடையிலேயே கற்பனை செய்து நடிக்கும் நாடகக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். லோரியின் முதல் பள்ளிக்கூடம் அதுதான். அப்புறம் பெர்லின். அங்கே நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் வட்டத்துக்குள் வந்துவிட்டார். உணர்ச்சியில் மூழ்கிப்போகாமல், பாத்திரத்தைச் சற்றுத் தள்ளி நின்று காட்டுவது பிரெக்ட்டின் வழி. இந்த இரண்டு பயிற்சியும் கடைசிவரை அவரிடம் இருந்தன.

1931 மே மாதம் பெர்லினில் ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' வெளியானது. ஜெர்மன் நகரம் ஒன்றில் குழந்தைகளைக் கொல்கிறவன் ஒருவனின் கதை. போலீஸ் ஒரு பக்கம் தேடுகிறது. போலீஸ் கெடுபிடியால் தொழில் கெட்டுப்போன திருடர் கூட்டம் இன்னொரு பக்கம் தேடுகிறது. கொலைகாரன் ஹான்ஸ் பெக்கர்ட்டாக நடித்த லோரிக்கு அப்போது 26 வயது.

அவன் அறிமுகமாகும் இடத்தில் நாம் அவனைப் பார்ப்பதே இல்லை. கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 மார்க் வெகுமதி என்று தூணில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. அதன்மேல் சிறுமி ஒருத்தி பந்தை அடித்து விளையாடுகிறாள். அந்தச் சுவரொட்டியில் ஒரு நிழல் விழுகிறது. 'உன் பந்து ரொம்ப அழகா இருக்கே' என்று ஒரு குரல் மட்டும் கேட்கிறது. பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். அந்தக் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மாமா பேசுவது மாதிரி இருக்கும். லோரியின் வாழ்நாள் சொத்து அந்தக் குரல்தான். அவன் சீட்டியடிக்கும், கிரீக் என்ற இசையமைப்பாளரின் மெட்டு மட்டும் லோரியுடையது அல்ல. அவருக்குச் சீட்டியடிக்க வராததால் லாங்கே அடித்துக் கொடுத்தார்.

நடிப்பு என்று பார்த்தால் கடை ஜன்னல் காட்சியைத்தான் சொல்வேன். பெக்கர்ட் தெருவில் ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டு கடையை வேடிக்கை பார்க்கிறான். உள்ளே கத்திகள் அடுக்கியிருக்கின்றன. கண்ணாடியில் ஒரு சிறுமியின் பிம்பம் தெரிகிறது. மெல்லுவது நிற்கிறது. புறங்கையால் வாயைத் துடைக்கிறான். கண் விரிகிறது, உடம்பு ஒரு கணம் தள்ளாடுகிறது. வசனமே கிடையாது. பசியெடுத்தவன் போலவும் இருக்கிறான், காய்ச்சல் வந்தவன் போலவும் இருக்கிறான். சிறுமியைப் பின்தொடர்கிறான். அவளுடைய அம்மா வந்துவிடுகிறாள். உடனே ஒரு கஃபேக்குள் போய் உட்கார்ந்து கோன்யாக் வரவழைத்துக் குடிக்கிறான். சின்னப் பையனுடையது போன்ற உருண்டை முகம். பார்க்கிற நமக்கு அருவருப்பும் வருகிறது, கூடவே ஒரு பரிதாபமும் வந்து தொலைக்கிறது.

கடைசியில் திருடர்கள் அவனைப் பிடித்து, கைவிடப்பட்ட சாராய ஆலையின் நிலவறையில் 'விசாரணை' நடத்துகிறார்கள். அங்கே அவன் மண்டியிட்டுப் பேசுகிறான். 'நீங்களெல்லாம் விரும்பித் திருடுகிறீர்கள். எனக்கு வேறு வழியே இல்லை. தெருத்தெருவாக நடக்கிறேன், யாரோ பின்னாலேயே வருகிறார்கள், அது நான்தான்' என்கிற பொருளில் அந்தப் பேச்சு போகிறது. மறுநாள் சுவரொட்டியைப் படித்துத்தான் தான் செய்தது தெரிகிறது என்கிறான். கத்தலாகத் தொடங்கி முனகலாக முடிகிறது. கூட்டத்தில் இரண்டொருவர் தங்களை அறியாமல் தலையாட்டுகிறார்கள். தலையாட்டுகிறவர்கள் திருடர்கள் என்பதைக் கவனியுங்கள். இப்படி ஒரு பேச்சைச் சினிமாவில் இன்னொரு நடிகர் பேசி நான் பார்த்ததில்லை.

லோரிக்கு அதுவே வினையாகவும் ஆனது. அதற்குப் பிறகு அவர் தெருவில் நடந்தாலும் கொலைகாரன் நடந்துபோவதாகத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். நாஜிகள் 1940-இல் எடுத்த யூத வெறுப்புப் பிரசாரப் படம் ஒன்றில் இந்தக் காட்சித் துண்டை வெட்டிச் சேர்த்து, யூதர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று காட்டினார்கள். நடித்த வேடத்தையே நடிகனுக்கு எதிரான சாட்சியமாக நிறுத்தியது அந்த ஆட்சி.

அதற்குள் அவர் நாட்டைவிட்டுப் போயிருந்தார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வியன்னா, பாரிஸ், அப்புறம் லண்டன். லண்டனில் இயக்குநர் ஹிட்ச்காக்கைப் பார்க்கப் போனபோது ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஹிட்ச்காக் வேடிக்கைக் கதை சொல்வதில் பேர்போனவர். கதை எங்கே முடிகிறது என்று அவருடைய முகத்தைப் பார்த்தே ஊகித்து, சரியான இடத்தில் விழுந்து விழுந்து சிரித்து லோரி வேலை வாங்கினார் என்று சொல்வார்கள். 1934-இல் வந்த அந்த ஹிட்ச்காக் படத்தில் வசனத்தைப் பெரும்பாலும் ஒலியாகவே மனப்பாடம் செய்து பேசியிருக்கிறார். வில்லன் வேடம். சிரிக்கிற வில்லன்.

ஹாலிவுட் வந்ததும் 1935-இல் 'மேட் லவ்'. மொட்டைத்தலையோடு ஒரு கிறுக்கு அறுவை மருத்துவர். 1937 முதல் 1939 வரை மிஸ்டர் மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளராக எட்டுப் படங்கள். ஐரோப்பியர் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டி, தலைமுடியைப் படிய வாரி, ஜப்பானியர் என்று சொல்லிக் காட்டினார்கள். அன்றைக்கு அது வழக்கம். இன்றைக்குப் பார்த்தால் நெளிய வைக்கிறது. அவருக்கே அந்த வேடம் பிடிக்கவில்லை. சீக்கிரம் தாண்டிப் போவோம்.

1941-இல் ஜான் ஹஸ்டனின் முதல் படம், 'தி மால்ட்டீஸ் ஃபால்கன்'. லோரி ஜோயல் கெய்ரோவாக வருகிறார். கார்டீனியாப் பூ மணக்கும் விசிட்டிங் கார்டு, கையில் ஒரு கைத்தடி. பேசிக்கொண்டே அந்தத் தடியின் பிடியை உதட்டருகே கொண்டுபோவார். பணிவாகப் பேசிவிட்டு, சட்டென்று துப்பாக்கியை எடுத்து ஹம்ஃப்ரி போகார்ட்டைச் சோதனை போட வேண்டும் என்பார். போகார்ட் அவரை அடித்து மயக்கிவிடுவார். தெளிந்து எழுந்தவர் முதலில் கவலைப்படுவது கசங்கிப்போன சட்டையைப் பற்றி. பிறகு மரியாதையாகப் பேசித் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி, மறுபடி அதையே நீட்டி, சோதனை போட வேண்டும் என்பார்! போகார்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிடும், நமக்கும்தான்.

அந்தப் படத்தின் முடிவில் கறுப்புப் பறவைச் சிலை போலி என்று தெரிகிறது. வருடக்கணக்காகத் தேடிய தலைவன் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் அதிர்ந்து நிற்கிறார். பணிவே உருவாக இருந்த கெய்ரோ அவர்மேல் பாய்கிறார். முட்டாள், ஊதிப்போன மடையன் என்று வாய்க்கு வந்தபடி திட்டி, அப்படியே நாற்காலியில் சரிந்து குழந்தை மாதிரி அழுகிறார். சற்று நேரத்தில் கிரீன்ஸ்ட்ரீட் தேறிக்கொண்டு, மறுபடி இஸ்தான்புல் போய்த் தேடலாம் என்கிறார். கெய்ரோவின் முகத்தைப் பாருங்கள். கண்ணீர் காயவில்லை, அதற்குள் தானும் வருவதாகச் சொல்லிவிடுகிறார். பேராசைக்காரன் ஒருவனின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. இது வீணடிப்பா?

கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு அதுதான் முதல் படம், வயது 61. குண்டும் குள்ளமுமாக இந்த ஜோடி ஒன்பது படங்களில் வந்தது. அதில் ஒன்றுதான் 1942-இன் 'காசாபிளாங்கா'. அதில் லோரி திருட்டுப் பயண அனுமதி விற்கும் உகார்ட்டே. வருவது சில நிமிடம்தான். 'ரிக், நீங்கள் என்னை வெறுக்கிறீர்கள், இல்லையா?' என்று கேட்பார். 'உன்னைப் பற்றி யோசித்தால் ஒருவேளை வெறுப்பேன்' என்பார் போகார்ட். அதைக் கேட்டுக்கொள்ளும் விதம் இருக்கிறதே! அவமானம் அவருக்குப் பழகிப்போனது. ஆனாலும் அந்த ஒரு மனிதரின் மதிப்பு வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் போலீஸ் இழுத்துப் போகும்போது ரிக்கின் சட்டையைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுவார். ரிக் அசையமாட்டார். முழுக் கதையையும் நகர்த்தும் பயண அனுமதிக் கடிதங்கள் ரிக்கின் விடுதிப் பியானோவுக்குள் போய் ஒளிய வழி செய்துவிட்டு உகார்ட்டே போய்விடுகிறார். ரிக் ஏன் பின்னால் மாற வேண்டும் என்பதற்கும் முதல் காரணத்தை அந்தக் கெஞ்சல்தான் வைத்துவிட்டுப் போகிறது.

அந்தப் படத்தின் துணை நடிகர் பட்டியலே ஒரு அகதி முகாம். சூதாட்ட மேசையில் நிற்கும் மார்செல் தாலியோ பாரிஸிலிருந்து தப்பி வந்தவர். ஜேப்படிக்காரன் குர்ட் போய்ஸ் பெர்லின் நாடக நடிகர். நாஜி மேஜராக வரும் கான்ராட் வைட், யூத மனைவியோடு 1933-இல் ஜெர்மனியை விட்டுப் போனவர். யாரிடமிருந்து ஓடி வந்தார்களோ அவர்களுடைய சீருடையைப் போட்டுக்கொண்டு சம்பாதிக்க வேண்டிய நிலை அவர்களில் சிலருக்கு.

போர் முடிந்ததும் லோரியின் நிலைமை சரிந்தது. இளம் வயதில் ஒரு அறுவை சிகிச்சையின்போது வலிக்காகக் கொடுத்த மார்பின் பழக்கமாகி, விட்டுவிட்டுத் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தது. 1949-இல் திவால் ஆனார். கிழக்கு பெர்லின் போய்ச் சேர்ந்திருந்த பிரெக்ட், திரும்பி வா என்று அவருக்கு ஒரு கவிதையே எழுதினார். லோரி ஜெர்மனி போனார், ஆனால் பிரெக்ட்டிடம் அல்ல. மேற்கே ஹாம்பர்க் போய், தானே இயக்கி நடித்து 1951-இல் ஒரு படம் கொடுத்தார். 'டெர் ஃபெர்லோரெனெ', தொலைந்துபோனவன். அவர் இயக்கிய ஒரே படம்.

போருக்குப் பின் அகதி முகாமில் வேறு பெயரில் வேலை செய்கிறார் லோரி நடிக்கும் டாக்டர் ரோத்தே. ஹிட்லர் காலத்தில் இவரோடு இருந்த ஒருவன் அங்கே வந்து சேர்கிறான். இரவு முழுக்கக் குடித்துக்கொண்டு பேசுகிறார்கள். 1943-இல் ரோத்தே தன் வருங்கால மனைவியைக் கொன்றுவிட்டார். ஆராய்ச்சிக்கு இவர் தேவை என்பதால் அதிகாரிகள் கொலையை மூடி மறைத்தார்கள். தண்டனை கிடைக்கும் என்று காத்திருந்தவருக்கு யாரும் தண்டனை தரவில்லை. அவர் மறுபடி கொல்கிறார்.

'எம்' படத்தில் ஊரே துரத்தும் கொலைகாரன். இருபது வருடம் கழித்து, அரசாங்கமே பத்திரமாகப் பாதுகாக்கும் கொலைகாரன். நடுவில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை இந்த இரண்டு முகங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். பெக்கர்ட்டின் பிதுங்கும் கண் இங்கே கிடையாது. சதா சிகரெட், தொங்கிப்போன கண்ணிமை, களைத்த குரல். கடைசியில் ரயில் பாதையில் ரயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். நாஜிக் காலத்தை மறக்கத் துடித்துக்கொண்டிருந்த மேற்கு ஜெர்மனியில் இதை யார் பார்ப்பார்கள்? படம் ஓடவில்லை. லோரி அமெரிக்காவுக்கே திரும்பினார்.

அதற்குப் பிறகு கிடைத்ததைச் செய்தார். 1954-இல் தொலைக்காட்சியில் நேரலையாக வந்த 'கசினோ ராயல்' நாடகத்தில் லெ ஷிஃப்ர் வேடம். திரையில் ஜேம்ஸ் பாண்டின் முதல் வில்லன் இவர்தான் என்பது பலருக்குத் தெரியாது. உடம்பு பருத்தது. வானொலிக் கலைஞர்களும் கார்ட்டூன்காரர்களும் அவரைக் காப்பியடித்துக் காப்பியடித்து, கடைசியில் அவரே தன்னைக் காப்பியடித்தவர்களைப் போல நடிக்க ஆரம்பித்துவிட்டாரோ என்று சில படங்களில் எனக்குச் சந்தேகம் வரும்.

1963-இல் ரோஜர் கோர்மனின் 'தி ரேவன்' வந்தது. வின்சென்ட் பிரைஸ், போரிஸ் கார்லாஃப், இவர் மூவரும் மந்திரவாதிகள். இவருடைய மகனாக அப்போது யாரென்றே தெரியாத இளைஞர் ஜாக் நிக்கல்சன். காகம் வந்து உட்காரும், பிரைஸ் உருகி உருகி, இறந்துபோன என் லெனோரை மறுபடி காண்பேனா என்று கேட்பார். காகம் லோரியின் குரலில், 'அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?' என்று எரிந்து விழும். எழுதிய வசனத்தை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேசியதில் கார்லாஃபுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். வியன்னாவில் வசனமில்லாமல் நடித்துப் பழகியவரிடம் போய் அவர் வேறென்ன எதிர்பார்த்தாரோ! மறு வருடம் மார்ச் 23-இல், 59 வயதில், மூளை ரத்தக்கசிவால் லோரி காலமானார். இறுதிச் சடங்கில் பேசியவர் அதே வின்சென்ட் பிரைஸ்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று கேட்பீர்கள். எல்லாரும் 'எம்' என்பார்கள். நான் 'மால்ட்டீஸ் ஃபால்கன்' என்பேன். 'எம்' பார்த்தவுடன் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிய ஆரம்பித்துவிடும், அந்த அநியாயம்தான் அவருக்கு வாழ்நாள் முழுக்க நடந்தது. முதலில் கெய்ரோ, அப்புறம் உகார்ட்டே, அதற்குப் பிறகு 'எம்', அது முடிந்த மறுநாளே 'டெர் ஃபெர்லோரெனெ'. மோட்டோ படங்களை விட்டுவிடலாம். சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.