புளியமரத்தடியில் வேகக் கேமரா

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் என்பதால், சாலை வேகத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "மெதுவாகப் போங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதற்கு இவ்வளவு நேரம் எதற்கு? அதனால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் தினமும் வாய்ச்சண்டையாகிற விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, உள்ளே கேமரா வைத்து, வேகமாக வருகிறவர்களைப் பிடிக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டி இருக்கிறவர்களுக்கு இந்தச் சண்டை கொஞ்சம் கூடுதல். காலையில் தேங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி போவோம். மதியம் சித்தூர் தாலுகா ஆபீஸ். சாயந்திரம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கோவை ஆஸ்பத்திரி. ஒரே நாளில் இரண்டு மாநிலப் போலீஸ், இரண்டு மாநில மோட்டார் வாகனத் துறை. வேக வரம்பும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

கேரளாவில் இப்போதுள்ள வரம்பு 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. காருக்கு நான்கு வழி தேசிய நெடுஞ்சாலையில் 100, மற்ற தேசிய நெடுஞ்சாலையில் 90, மாநில நெடுஞ்சாலையிலும் முக்கிய மாவட்டச் சாலையிலும் 80, பிற சாலைகளில் 70, நகரத்துக்குள் 50. அதே உத்தரவில் இருசக்கர வண்டிக்கு இருந்த 70 மட்டும் 60 ஆகக் குறைந்தது. நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். பக்கத்தில் கார் 65-ல் போகிறது, பைக்கும் 65-ல் போகிறது. கார்க்காரருக்கு ஒன்றும் இல்லை, பைக்காரருக்கு போனில் மெசேஜ் வருகிறது. "கேமராவுக்கே கண் தெரியலை" என்று அவர் கத்துவார். கேமராவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது.

எங்கள் ஊரைத் தாண்டி ஒரு சாலை இருக்கிறது. பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட சாலை எல்லா ஊரிலும் இருக்கும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வளைவு முடிந்ததும் நேராக ஒரு கிலோமீட்டர், லேசான இறக்கம். ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே வண்டி வேகம் பிடிக்கும். அங்கே ஒரு பெரிய புளியமரம். அதன் நிழலில்தான் அந்த வெள்ளை வண்டி நிற்கும், பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு. உச்சி வெயிலில் வேறு எங்கே நிற்பார்கள் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். உள்ளே இருப்பவரும் மனுஷர்தானே.

அந்த வண்டி நிற்கிறது என்பது இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். எதிரே வருகிறவர் இரண்டு தடவை லைட் அடிப்பார். கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறவர் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டுவார். முன்பின் தெரியாதவர்களுக்குள் இப்படி ஓர் ஒற்றுமையை நம் ஊரில் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. உடனே எல்லா வண்டியும் வேகத்தைக் குறைக்கும். புளியமரத்தைக் கடக்கும்போது எல்லாரும் சாமி ஊர்வலம் மாதிரிப் போவார்கள். வெள்ளை வண்டி இல்லாத நாளிலும் பழக்கதோஷத்தில் அந்த மரத்துக்கு மட்டும் ஒரு பிரேக் விழும்.

சரி, மரத்தைத் தாண்டியதும் என்ன நடக்கிறது? இழந்த நேரத்தைப் பிடிக்கிற அவசரத்தில் முன்பைவிட வேகமாக மிதிக்கிறார்கள். அங்கிருந்து அரைக் கிலோமீட்டரில் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு எதிரே பஸ் ஸ்டாப், பக்கத்திலேயே ரேஷன் கடை. சாலை குறுகுவதும் அங்கேதான், ஆட்கள் குறுக்கே போவதும் அங்கேதான். அந்த இடத்தில் கேமரா வண்டி நின்று நான் பார்த்ததில்லை. காரணம் புரிகிறது. அங்கே ஓரத்தில் நிறுத்த இடமில்லை, கேமராவுக்கு நேர்ப்பார்வை கிடைக்காது, நாலு பேர் கூடி நியாயம் கேட்பார்கள். இறக்கத்தில் நின்றால் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ நம்பர் விழும். கேமரா ஒளிந்து நிற்கிறது என்பதுகூட எனக்குப் பெரிய குறையில்லை. வேகம் ஆளைக் கொல்லக்கூடிய இடத்தை விட்டுவிட்டு, வேகம் சுலபமாகக் கூடுகிற இடத்தில் நிற்கிறதே, அதுதான் குறை.

இதை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர், "பத்து இருபது கூடினால் என்ன குடி முழுகிப் போகுது?" என்பார். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60-ல் வரும் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடினால், பார்த்துக் காலைப் பிரேக்கில் வைக்கவே ஒரு நொடி ஆகும். அப்புறம் நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் இன்னொரு 20 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 37 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80-ல் வருகிற காருக்கு அந்த முதல் நொடியிலேயே 22 மீட்டர் போய்விடும், நிற்க ஏறக்குறைய 58 மீட்டர் வேண்டும். அதில்கூடப் பெரிய விஷயம் இல்லை. 60-ல் வந்த கார் நின்றுவிட்ட அதே இடத்தை 80-ல் வந்த கார் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் 60-க்குக் குறையவில்லை. முதல் கார் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறது, இரண்டாவது கார் 60-ல் மோதுகிறது. இருபதுதான் கூடுதல் என்கிறோமே, அதன் கணக்கு இது.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகம் காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. காரணம் எழுதும் இடத்தில் 'அதிவேகம்' என்று போட்டுவிட்டால் சாலையில் இருந்த குழியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனாலும் அதே ஆண்டு அக்டோபரில் வடக்கஞ்சேரியில் நடந்ததை நம் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போன சுற்றுலா பஸ், கோவைக்கு வந்துகொண்டிருந்த கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்து போனார்கள். அந்த இராத்திரியில் அந்தப் பஸ்ஸின் வேகத்தை யாராவது ஒருவர் வழியில் பிடித்து நிறுத்தியிருந்தால் என்று நினைக்காதவர் இல்லை. அதனால் கேமராவே வேண்டாம் என்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

கேமரா பொய் சொல்கிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கையில் பிடிக்கிற லேசர் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் துடிப்புத் துடிப்பாக வண்டி மேல் அடித்து, திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. ஒரு நொடிகூட ஆகாது, அதற்குள் தூரம் எவ்வளவு மாறியது என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது. ஓரத்தில் சாய்வாக நின்று அடித்தால் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. நம் வண்டி மீட்டரோ பொதுவாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிற ஜாதி. "என் மீட்டரில் அறுபதுதான் இருந்தது" என்ற வாதம் அதனாலேயே நிற்காது.

இப்போது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவில், ஓர் ஆள் கண்ணால் பார்த்து "இவர் வேகமாகப் போனார்" என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவி அளந்திருக்க வேண்டும். அபராதம் கார் மாதிரிச் சின்ன வண்டிக்கு 1000 முதல் 2000 வரை, கேரளாவில் 1500 கட்டுகிறோம். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். நம் புளியமரத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. கேமராவுக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிக்கிற பகுதி தொடங்கும் முன்பே, எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

பலகை வைத்தால் யார் மாட்டுவார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். யாரும் மாட்டாமல் இருப்பதுதானே நமக்கு வேண்டியது! லைட் அடிக்கிறவர்களை நான் திட்டாததும் இதனால்தான். பலகை செய்ய வேண்டிய வேலையை அவர்கள் சும்மா செய்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் தப்பான இடத்தில்.

கேரள உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு வழக்கில், வண்டியைப் பிடிக்கப் போலீசார் நடுரோட்டில் குதிக்கக்கூடாது, துரத்தக்கூடாது, கேமரா மாதிரிக் கருவிகளைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. அது ஹெல்மெட் சம்பந்தப்பட்ட வழக்கு. மரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று ஒருவர் கையை நீட்டிக்கொண்டு வந்தால் பதறிப்போய் விழுகிற பைக்காரரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். அப்புறம் 2023 ஜூனிலிருந்து 726 கேமராக்கள் கேரளா முழுக்க அபராதம் போட ஆரம்பித்தன. ஊரெல்லாம் அதை வேகக் கேமரா என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் 675 கேமரா ஹெல்மெட், சீட் பெல்ட் பார்க்கத்தான். வேகத்துக்கு வைத்தது வெறும் எட்டு.

மெசேஜ் வந்தால் என்ன செய்வது? முதலில், லிங்க்கைத் தொடாதீர்கள். அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஆப்பை அனுப்பி, அதை இறக்கினதும் பேங்க் கணக்கைத் துடைக்கிற கூட்டம் இருக்கிறது. நீங்களே மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். போட்டோவைத் திறந்து, நம்பர் பிளேட் உங்களுடையதுதானா, இடம், தேதி, நேரம், அளந்த வேகம் நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறி, எங்கோ போன வண்டியின் அபராதம் வீட்டில் நிற்கிற வண்டிக்கு வருவதுண்டு. அப்படியானால் அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். இன்னொன்று, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உங்கள் இப்போதைய போன் நம்பர் இருக்கட்டும். தமிழ்நாட்டு நம்பர் வண்டியைச் செகண்ட்ஹேண்டில் வாங்கி, பெயரும் மாற்றாமல், போன் நம்பரும் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. மெசேஜ் எல்லாம் பழைய ஓனருக்குப் போய்க்கொண்டிருக்கும். வண்டியை விற்கப் போகும்போதுதான் சேர்ந்துபோன தொகை தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பொது வரம்பைவிடக் குறைந்த வேகம் ஓர் இடத்தில் வேண்டும் என்றால் அதை அறிவித்து, பலகையும் வைக்க வேண்டும் என்கிறது 112-வது பிரிவு. பலகை இல்லாவிட்டால் வருகிறவருக்கு அதுவும் மற்ற சாலை மாதிரிதான். இதைக் கேட்டு வாங்கும் இடம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கவுன்சில், தலைவர் கலெக்டர். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மாவட்டத்திலும் உண்டு. பள்ளியின் பி.டி.ஏ., அதாவது பெற்றோர்-ஆசிரியர் கழகத்தின் பெயரில் மனு எழுதுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று தயங்க வேண்டாம். கேரளாவில் மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழிலேயே அரசு அலுவலகத்துக்கு எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். மூன்றே விஷயம் கேளுங்கள். பள்ளிக்கு இரண்டு பக்கமும் வேகப் பலகை, அதில் மலையாளத்தோடு தமிழும். கேமரா வண்டி பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளிக்கு முன்னால் நிற்க வேண்டும், காலை ஒன்பதிலிருந்து பத்து, சாயந்திரம் மூன்றரையிலிருந்து நாலரை. அதற்கு நிழல் வேண்டும் என்றால் பள்ளிக்கூட வாசலில் இடம் ஒதுக்கித் தருகிறோம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். மனுவின் நகலில் சீல் போட்டு, தேதியும் நம்பரும் எழுதி வாங்காமல் ஆபீஸை விட்டு வெளியே வராதீர்கள். வணக்கம்.