ஒலிம்பிக்ஸுக்காக பிறந்து ஒலிம்பிக்ஸுக்காக இடிஞ்ச ஹோட்டல்

நேயர்களே வணக்கம். ஹோட்டல் கதைன்னதும் ரூம் வாடகை, சாப்பாடுன்னு நினைச்சிராதீங்க, நான் பேசப்போறது டோக்கியோல தோரனோமோன் பக்கம் இருக்குற ஒகுரா ஹோட்டல பத்தி, அதுலயும் முக்கியமா அதோட லாபிய பத்தி.

இத கட்டுனவர் கிஷிசிரோ ஒகுரா, பெரிய தொழில் குடும்பம், பாரன்னு (Baron) பிரபு பட்டம் வேற. இவரு ஏற்கனவே டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல நடத்திட்டிருந்தவர்தான், ஆனா ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு அமெரிக்கா நிர்வாகம் வந்ததும் பெரிய குடும்பங்களோட கம்பெனிகள கலைச்சாங்க பாருங்க, அதுல அந்த ஹோட்டல் இவர் கைய விட்டு போயிருச்சு. மனுஷன் விடல. 1964 ஒலிம்பிக்ஸ் வரப்போகுதுன்னதும் குடும்ப நிலத்துலயே புதுசா ஒண்ணு கட்டி 1962 மே மாசம் திறந்துட்டாரு. அடுத்த வருஷமே இறந்துட்டாரு.

அந்த காலத்துல மாடர்ன்னா மேல்நாட்டு ஸ்டைல்தான்னு எல்லாரும் ஓடிட்டிருந்தப்ப, இங்க கான்கிரீட் கட்டடத்துக்குள்ளயே ஜப்பான் கைவேலைய கொண்டு வந்து வச்சாங்க. லாபிய டிசைன் பண்ணது யோஷிரோ தனிகுச்சி. பட்டை தீட்டுன மணி கோத்த மாதிரி சரஞ்சரமா தொங்குற விளக்கு, அது ரொம்ப பழங்கால ஜப்பான் மணிகள பாத்து செஞ்சது, ஜன்னலுக்கு காகிதத் திரை, அதுல சணல் இலை டிசைன்ல மரச்சட்டம், அப்புறம் கீழ அரக்கு பூசுன வட்ட மேஜை, சுத்தி அஞ்சு நாற்காலி, மேல இருந்து பாத்தா ப்ளம் பூ இதழ் விரிஞ்சாப்ல இருக்கும். தங்கத்தகடு, பளபளன்னு கண்ணாடி அலங்காரம் அதெல்லாம் கிடையாது, வெளிச்சத்த அடக்கி வச்சதுதான் அதோட அழகே, அப்படித்தான் எனக்கு தோணுது.

அப்புறம் பாருங்க, 2020 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்குன்னு முடிவாச்சு, பழைய கட்டடம், இத இடிச்சுட்டு டவர் கட்டலாம்னுட்டாங்க. உலகம் பூரா டிசைன்காரங்க, ஃபேஷன்காரங்கள்லாம் இடிக்காதீங்கன்னு கையெழுத்து வாங்குனாங்க, ஒண்ணும் நடக்கல, 2015 ஆகஸ்ட் கடைசியோட மெயின் பில்டிங்க மூடிட்டாங்க. நல்லவேளை, கிஷிசிரோவோட அப்பா 1917ல ஆரம்பிச்ச ஆர்ட் மியூசியத்த இடிக்கல.

புது ஹோட்டல் 2019 செப்டம்பர்ல திறந்துச்சு, ஒரு டவர் 41 மாடி, இன்னொண்ணு 17 மாடி. லாபிய மட்டும் பழையபடியே திருப்பி கட்டுனாங்க, கட்டுனது யாருன்னா யோஷிரோவோட மகன் யோஷியோ தனிகுச்சி, நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்த விரிவாக்குனாரே, அவரேதான். காப்பிதானேன்னு சிலர் உதட்ட பிதுக்குறாங்க. எனக்கு கோவம் இடிச்சவங்க மேலதான், மகன் மேல இல்ல, அப்பாவோட அளவும் வெளிச்சமும் அவர விட யாருக்கு நல்லா தெரிஞ்சிருக்கும் சொல்லுங்க? ஆனா எந்த ஒலிம்பிக்ஸுக்காக இவ்ளோ அவசரமா இடிச்சாங்களோ அது கொரோனாவால 2021க்கு தள்ளிப்போயி, வெளிநாட்டு ரசிகர்கள ஜப்பானுக்குள்ளயே விடல.