தொலைவில் கிடக்கும் பந்துக்கே முதல் அடி

நேயர்களுக்கு வணக்கம். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளை விளையாட வைக்க விசில் ஊதியே காலம் போனது. இப்போது என் கவலையெல்லாம் அறுபதைத் தாண்டியவர்களைப் பற்றித்தான். நடக்கிறார்கள், மாத்திரை சாப்பிடுகிறார்கள், விளையாடுவது மட்டும் கிடையாது. பழைய நண்பர்கள் கூடும்போதுகூடக் கிடையாது.

முன்னாள் மாணவர் சந்திப்புக்கு நீங்களும் போயிருப்பீர்கள். கல்யாண மண்டபம், பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம், பிரியாணி. நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்ததும் என்ன கேட்கிறோம்? பையன் எங்கே இருக்கிறான், பெண்ணை எங்கே கொடுத்தாய், வீடு சொந்தமா, சர்க்கரை எவ்வளவு. பதில் வருவதற்குள் யார் மேலே, யார் கீழே என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆளுக்கொரு திசை.

நாங்கள் நால்வர், வேலூரில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அன்றைக்கு எல்லோரும் வட ஆற்காடு மாவட்டத்துப் பிள்ளைகள். 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஆரணிக்காரனான நான் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போனேன். 2019-இல் மறுபடி பிரித்தார்கள். வாலாஜாக்காரன் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர்க்காரன் திருப்பத்தூர் மாவட்டம். அரிசி மண்டி வைத்திருந்தவன் ஒருவன்தான் இன்னும் வேலூர் மாவட்டம். அரசாங்கம் பிரிப்பதற்கு முன்பே நாங்கள் பிரிந்துவிட்டோம், அது வேறு கதை.

இந்த நால்வரையும் மறுபடி சேர்த்தது கோல்ஃப் என்றால் நம்புவீர்களா? நாங்கள் ஆடிய ஆட்டம் கில்லி. கோல்ஃப் வெள்ளைக்காரர்களோடு வந்தது. பெங்களூரில் 1876-லேயே அதற்கு ஒரு சங்கம் இருந்தது. வாலாஜாக்காரன் அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்து பெங்களூரில் குடியேறினான். பெங்களூர் போனதும் கோல்ஃப் பழகிக்கொண்டான். மண்டிக்காரன் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கியபோது, பக்கத்துப் பயிற்சித் திடலில் மட்டையைப் பிடித்துப் பார்த்திருக்கிறான். குத்தூசியை மூட்டைக்குள் சொருகி அரிசி எடுத்துப் பார்த்த கை அல்லவா, மணிக்கட்டு சொன்னபடி கேட்டது. அதோடு பித்துப் பிடித்துவிட்டது. ஆம்பூர்க்காரன் சுமாராக ஆடுவான். ஒரு நாள் மூவரும் என்னையும் அழைத்தார்கள். காட்பாடியில் ரயில் ஏறிப் போனேன். நான் ஆடவில்லை, அட்டையில் கணக்கு எழுதிக்கொண்டு கூடவே நடந்தேன்.

பதினெட்டுக் குழி. ஏறக்குறைய நான்கு மணி நேர நடை. ஆட்டம் தெரியாத நேயர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். அவ்வளவுதான். நடுவர் கிடையாது, தன் தவறைத் தானே சொல்ல வேண்டும். மரபுப்படி குழிக்கு மிகத் தொலைவில் யாருடைய பந்து கிடக்கிறதோ, அவர்தான் முதலில் அடிப்பார். முன்னால் போனவர் நின்று காத்திருக்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பின்தங்கியவனுக்காக மற்றவர்கள் நிற்கிறார்கள். அதுவும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்!

பாதி ஆட்டத்தில் வாலாஜாக்காரன் அடித்த பந்து வேலியோரப் புதருக்குள் போய்விட்டது. தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் நேரம். முன்பு ஐந்தாக இருந்ததை 2019-இல் குறைத்துவிட்டார்கள். நாங்கள் நால்வரும் குனிந்து, ஆளுக்கொரு பக்கம் செடியை விலக்கிக்கொண்டிருந்தோம். அப்போது அவன் தலை நிமிராமலே கேட்டான்: "டேய், வாலாஜா வீட்டை விற்றபோது அம்மாவின் ஆட்டுக்கல் என்ன ஆயிற்று?" மண்டிக்காரனும் நிமிரவில்லை. "என் மண்டி வாசலில் கிடக்கிறது. வாங்கியவன் உடைத்துப் போடப் பார்த்தான், வண்டி வைத்துத் தூக்கிவந்தேன்" என்றான். சிறிது நேரம் இலைச் சத்தம் மட்டும். பிறகு, "அப்பா காரியத்துக்கும் நீதான் நின்றாயாமே, தங்கை சொன்னாள்" என்றான். "நிற்காமல் என்ன செய்வது? நீ வரமுடியவில்லை." இத்தனை வருடம் தொலைபேசியில் வராத பேச்சு. வட்ட நாற்காலியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கவே வராது. புதரைப் பார்த்துக்கொண்டு கேட்டதால் வந்தது. அடுத்த நொடி மண்டிக்காரன் கடிகாரத்தைப் பார்த்து, "மூன்று நிமிடம் முடிந்தது. பந்து தொலைந்ததுதான். தண்டனை ஓர் அடி, பழைய இடத்துக்குப் போய் மறுபடி அடி" என்றான். சிறிதும் இரக்கமில்லை! அவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தான்.

இனி என் பல்லவிக்கு வருகிறேன். ஹேண்டிகேப் என்று, கை தேராதவருக்கு அதிகச் சலுகை தரும் ஓர் ஏற்பாடு இந்த ஆட்டத்தில் இருக்கிறது. ஒருவர் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி பார்த்து, அவருக்கு ஓர் எண் தருகிறார்கள். ஆடி முடித்ததும் அந்த எண்ணை மொத்த அடிகளில் கழிக்கிறார்கள். அன்றைக்கு வாலாஜாக்காரன் 80 அடி, அவனுக்குக் கழிவு 6, நிகரம் 74. மண்டிக்காரன் 96 அடி, கழிவு 24, நிகரம் 72. வென்றவன் மண்டிக்காரன்! பணக்கணக்கில் எட்டாத தூரத்தில் இருக்கும் இருவர், ஒரே அட்டையில் சரிக்குச் சரியாக ஆடி முடித்தார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் அது பிச்சை, இது விதி. நான் ஆசிரியராக இருந்தபோது பலவீனமான பிள்ளையை ஓட்டத்தில் இரண்டு அடி முன்னால் நிறுத்துவேன். சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை சிரித்ததில்லை, உயிரைக் கொடுத்து ஓடும்.

கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம்தானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். மட்டை விலை, சங்கக் கட்டணம், பந்து எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. தண்ணீர் செலவு பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அந்தப் பச்சைப் புல் கண்ணை உறுத்தத்தான் செய்தது. ஆனால் வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம்.

சரி, அவசரமாகச் சொல்கிறேன். கோல்ஃப் வேண்டாம், அதிலிருந்து இரண்டு விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் கூடினால் மண்டபம் பிடிக்காதீர்கள். வேலூர் கோட்டைக்குள் காலையில் நடங்கள், முன்னால் போகிறவர் நின்று காத்திருக்கட்டும். மழையென்றால் வீட்டில் கேரம் பலகையை இறக்குங்கள். கை தேர்ந்தவர் தொடங்கும் முன்பே ஐந்து புள்ளியை மற்றவருக்குக் கொடுத்துவிடட்டும், பிறகு ஒரு காய்கூட விடாமல் ஆடட்டும். ஏலகிரிக்கு ஒரு நாள் போய்வருவது பற்றி ஒரு பக்கம் எழுதி வந்திருக்கிறேன், அதற்கு நேரமில்லை. வணக்கம்.