பேட்டரி திருடிய பையனும் பூட்டிய கதவும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வழிதவறிய சிறாரைத் திருத்துவது பூட்டிய இல்லமா, வீட்டோடு வைத்த கண்காணிப்பா?' இதுதான் தலைப்பு. கண்காணிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "அடியாத மாடு படியாது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ஐயா, அடித்த கதை ஒன்றைக் கேளுங்கள். 2022 டிசம்பர் கடைசி. ரயில்வே பேட்டரியைத் திருடினான் என்று தாம்பரம் பக்கத்தில் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். புத்தாண்டு பிறப்பதற்குள் அவன் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய்ந்து அறிக்கை தர, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அந்தப் பையன் மீது குற்றம் நிரூபணம் ஆகவில்லை. விசாரணைகூட முடியவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்தக் குற்றமானாலும் சிறாரைப் பிணையில் விடுவதுதான் விதி. ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம். வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். காவலில் வைப்பது கடைசி வழி, அதுவும் மிகக் குறுகிய காலத்துக்கு மட்டும் என்கிற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றிருக்கிறது.

"அப்படியானால் கொலை செய்தவனையும் வீட்டுக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 16 வயதைத் தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால் தனியாக மதிப்பிட 15ஆம் பிரிவு இருக்கிறது. அவர்களில் சிலருக்கு இல்லம் தேவைப்படலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களைக் காட்டி, செல்போன் திருடியவனையும் தெருச் சண்டையில் கைநீட்டியவனையும் எதற்காகப் பூட்டுகிறீர்கள்?

கண்காணிப்பு என்றால் அவிழ்த்துவிடுவது இல்லை, நடுவர் அவர்களே. நன்னடத்தை அலுவலர் பையனின் வீட்டுக்குப் போகிறார், பள்ளியில் விசாரிக்கிறார், யாரோடு சுற்றுகிறான் என்று பார்த்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை தருகிறார். தவறு செய்தான் என்று முடிவானாலும் 18ஆம் பிரிவில் வழிகள் இருக்கின்றன: எச்சரித்து அனுப்பலாம், ஆலோசனை சொல்லி ஆற்றுப்படுத்தலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், மூன்று ஆண்டுவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம். இல்லத்தில் பூட்டினால் அவன் பள்ளி நிற்கும், பரீட்சை போகும். திரும்பி வரும்போது அவனோடு படித்தவர்கள் மேல்வகுப்பில் இருப்பார்கள்.

"வீடு சரியில்லாததால்தானே பையன் கெட்டான், அங்கேயே திருப்பி அனுப்புவதா?" எதிரணியின் பலமான வாதம் இதுதான். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்பா குடித்துவிட்டு அடிக்கிறாரா? பாட்டியோ, தாய்மாமனோ, பொறுப்பேற்க முன்வரும் தகுதியான வேறு ஒருவரோ போதும். அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கு ஆள் வேண்டும். பணத்தை அதில் போடுங்கள் என்கிறேன், மதில் சுவரில் அல்ல.

செங்கல்பட்டில் இறந்த பையனுக்கு ஒரு தாய் இருந்தார். அன்று அவனை அவர் கையில் ஒப்படைத்து, வாரம் ஒருமுறை நன்னடத்தை அலுவலர் முன்னால் வந்து நில் என்று சொல்லியிருந்தால், அவன் விசாரணைக்கு உயிரோடு வந்திருப்பான்.